தாய்ப்பால் கொடுக்க உங்க காரணம் என்ன? நர்ஸ் அக்காவிடம் கேள்வி பதில்

ரெண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள் நான். பிரசவ வார்டில் நர்ஸ் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்றேன்.

கேள்வி (மதுரை, ஏழு மாத கர்ப்பிணி): அக்கா, நோய் எதிர்ப்பு சக்தி அது இதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க எதுக்காகக் கொடுத்தீங்க?

பதில்: முதல்ல ராத்திரிக்காகத்தான்மா. பிள்ளை சிணுங்கும்போது அடுப்படிக்குப் போய் வெந்நீர் வச்சு, புட்டியைக் கழுவி, பவுடர் கலக்குறதுக்குள்ள அது ஊரையே கூட்டிடும். பக்கத்துல படுத்திருந்தா எடுத்து அணைச்சா போதும்.

அடுத்த காரணம் எங்க சித்தி. மார்பகப் புற்றுநோயில போனவங்க. 30 நாடுகள்ல நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-ல ஒரு கணக்கு வந்தது: ஒரு தாய் மொத்தமா 12 மாசம் பால் கொடுத்தா அந்த நோய் வர்ற வாய்ப்பு 4.3 சதவீதம் குறையுது. சின்ன எண்தான். சித்தியைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்ட எனக்கு அது சின்னதாத் தெரியல.

இன்னொண்ணும் உண்டு. எங்களோடது பெரிய கூட்டுக் குடும்பம். பிள்ளைக்குப் பால் கொடுக்குற நேரத்துல மட்டும் யாரும் என்னை ஒரு வேலைக்கும் கூப்பிட மாட்டாங்க. அது எனக்கும் பிள்ளைக்கும் மட்டுமேயான நேரம். எந்தப் புத்தகமும் இதைக் காரணம்னு எழுதாது. எனக்கு இதுதான் பெருசு.

கேள்வி (தேனி, ஒரு பாட்டி): மருமகளுக்கு சிசேரியன் ஆகி ரெண்டு நாள் ஆச்சு. பாலே ஊறலை. சர்க்கரைத் தண்ணி வைக்கலாமாம்மா?

பதில்: வேண்டாங்கம்மா. இப்போ சொட்டுச் சொட்டா வர்ற மஞ்சள் சீம்பால்தான் பிள்ளைக்கு வேணும். இந்த நாள்ல அதுக்கு ஒரு வேளைக்கு ஓரிரு ஸ்பூனே போதும். சிசேரியன்னா பால் நிறைஞ்சு வர ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிப்போகும். பிள்ளையை அடிக்கடி மார்ல போடுங்க. அது சப்பச் சப்பத்தான் பால் ஊறும். அஞ்சாம் நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போனா பால் போதுதுன்னு அர்த்தம். போகலைன்னாலும், பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மருமகளுக்கு நேரத்துக்குச் சூடா சாப்பாடு கொடுத்து, ‘உனக்குப் பால் இல்லை’ங்கிற பேச்சு அவ காதுல விழாம பாத்துக்குங்கம்மா.

கேள்வி: பால் கொடுக்குற வரைக்கும் கர்ப்பம் தங்காதுன்னு நம்பலாமா அக்கா?

பதில்: மூணும் சேர்ந்து இருந்தா மட்டும்: குழந்தைக்கு ஆறு மாசம் முடியலை, ராவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் திரும்பலை. ஒண்ணு தவறினாலும் வேற வழி பாத்துக்குங்க.

கேள்வி (சென்னை): 26 வார லீவு முடியப்போகுது. நிறுத்த மனசில்லை.

பதில்: நிறுத்த வேண்டாம். சட்டப்படி 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்குற இடத்துல குழந்தைக் காப்பகம் இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆபீஸ்ல தயங்காம கேளுங்க. இல்லைன்னா பீய்ச்சி ஃபிரிட்ஜ்ல வச்சுட்டுப் போங்க. வெளியில வச்சா 25 டிகிரி வரைக்கும் நாலு மணி நேரம் தாங்கும், சென்னை வெயிலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில அதிகம், அதனால ராத்திரிப் பாலை விட்டுடாதீங்க.

கேள்வி: நான் எடுக்குற மருந்தால கொடுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சொந்தக்காரங்க பேச்சு தாங்கலை.

பதில்: கண்ணு, நான் சொன்ன காரணங்கள்ல அந்தத் தனி நேரம் உனக்கும் உண்டு. சட்டையைத் தளர்த்தி, பிள்ளையை உன் நெஞ்சோட தோல் படச் சாய்ச்சு வச்சு, கண்ணைப் பார்த்து ஊட்டு. ஊட்டுறதுக்கு யார் வந்து கேட்டாலும், முதல் சில வாரம் நீயே ஊட்டு. பவுடரை டின்ல போட்ட அளவுப்படியே கொதிச்ச தண்ணியில கலக்கி, ஆறினதும் கொடு. சிக்கனம்னு தண்ணியைக் கூட்டாதே. கலக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஊட்டிடணும், குடிச்சு மிச்சம் வச்சதைக் கொட்டிடணும்.