சொல்லாமல் வரவேண்டிய ஆய்வாளர்: வாசகர் கேள்வி-பதில்

வேலையிடங்களில் தொழிலாளர் சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று அரசு அதிகாரி நேரில் வந்து பார்ப்பதுதான் தொழிலாளர் ஆய்வு. அது பற்றி வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் கூலி ஒழுங்காகத் தருவதில்லை. ஆய்வாளருக்குப் புகார் எழுதினால், எழுதியது யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடாதா?
– வாசகி, திருப்பூர்

தெரியக் கூடாது. ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1947-இல் தொழிலாளர் ஆய்வு பற்றிய 81-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தப் பதில்களில் வரும் பிரிவு எண்கள் எல்லாம் இதனுடையவை. இந்தியா 1949-இலும் இலங்கை 1956-இலும் அதை ஏற்றன. புகார் யாரிடமிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் முழு ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 15-ஆவது பிரிவு. புகாரின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்று முதலாளியிடம் காட்டிக்கொள்ளவும் கூடாது என்கிறது. இந்த இரண்டாவது பாதிதான் அதிகம் மீறப்படுகிறது. "ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு, அதான் வந்தேன்" என்று வாசலில் சொன்னாலே போதும், ரகசியம் போய்விட்டது. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் பெயர் சொல்லத் தேவையே இல்லை. போன வாரம் சூப்பர்வைசரிடம் கணக்குக் கேட்டவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தொழில் தெரிந்த ஆய்வாளர் புகார் வந்த யூனிட்டுக்கு மட்டும் போகமாட்டார். அதே தெருவில் இன்னும் நான்கைந்து யூனிட்டுகளையும் பார்ப்பார். உள்ளே போனதும் கூலிப் பதிவேட்டை மட்டும் கேட்காமல் தீயணைப்பு, கழிப்பறை, மின்சாரம் எல்லாவற்றையும் பார்ப்பார். யாரிடம் பேசுவது என்பதை மேனேஜர் முடிவு செய்ய விடாமல் ஒவ்வொரு லைனிலும் தாமே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தனியாக, ஆளுக்கு ஏறக்குறைய ஒரே அளவு நேரம் பேசுவார். புகார் கொடுத்தவர் முதல் ஆளாகவும் இருக்கமாட்டார், கடைசி ஆளாகவும் இருக்கமாட்டார். கேள்வியும் "ஓவர்டைம் தருகிறார்களா?" என்று இருக்காது. "நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?" என்றுதான் இருக்கும். முதல் கேள்விக்குச் சொல்லிக்கொடுத்த பதில் தயாராக இருக்கும், இரண்டாவதற்கு இருக்காது.

வருகைப் பதிவேடு எப்போதும் சுத்தமாக எட்டு மணி நேரம்தான் காட்டும். அதை வேறு தாள்களோடு ஒப்பிட வேண்டும். கேட்டில் வாட்ச்மேன் எழுதும் நோட்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் வேனின் டிரிப் ஷீட், லைன்வாரி உற்பத்திக் கணக்கு ஆகியவை உதவும். தையல் ஆலைகளில் இன்னொன்றும் உண்டு, உடைந்த ஊசிப் பதிவேடு. துணிக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் மெஷினில் ஊசி உடைந்தது என்று எழுதி வைப்பார்கள். விடுமுறை என்று காட்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஊசி உடைந்திருந்தால், அன்று லைன் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் எழுதும் கடிதத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பிரிவில் வேலை நடக்கிறது என்று குறிப்பிடுங்கள். ஆய்வுக்கு உட்பட்ட இடத்துக்குள் இரவு பகல் எந்நேரமும் முன்னறிவிப்பில்லாமல் நுழைய 12-ஆவது பிரிவு ஆய்வாளருக்கு அதிகாரம் தருகிறது. சரியான நேரம் தெரிந்தால்தான் அந்த அதிகாரம் பயன்படும். உங்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதியைக் கடிதத்தில் எழுதாதீர்கள்.

கேள்வி: எத்தனை தொழிலாளர்களுக்கு ஓர் ஆய்வாளர் இருக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

81-ஆம் உடன்படிக்கையில் எண் கிடையாது. நிறுவனங்களின் எண்ணிக்கை, அளவு, தொழிலாளர் தொகை, சட்டத்தின் சிக்கல் ஆகியவற்றைப் பார்த்துப் "போதுமான" எண்ணிக்கை வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. 2006-இல் ஐ.எல்.ஓ. ஒரு வழிகாட்டு அளவு வைத்தது. வளர்ந்த சந்தை நாடுகளில் 10,000 தொழிலாளருக்கு ஒருவர், தொழில்மயமாகி வரும் நாடுகளில் 15,000-க்கு ஒருவர், பொருளாதாரம் மாறிவரும் நாடுகளில் 20,000-க்கு ஒருவர், மிகவும் பின்தங்கிய நாடுகளில் 40,000-க்கு ஒருவர். எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். பணியிடம் நிரம்பியிருந்தும் ஜீப்பும் பயணப்படியும் இல்லையென்றால், ஆய்வாளர் தாம் ஆய்வு செய்யவேண்டிய கம்பெனியின் காரிலேயே போகும் நிலை வரும். போக்குவரத்து வசதியை அரசே தரவேண்டும் என்று 11-ஆவது பிரிவு தனியாகச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் ஆடிட்டர்கள் வந்து பார்க்கிறார்களே, அரசு ஆய்வாளர் வேறு எதற்கு?
– வாசகர், கரூர்

கராச்சியில் 2012 செப்டம்பர் 11 அன்று ஓர் ஆடை ஆலை எரிந்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி இருந்தது, வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு ஆடிட்டின் பேரில் சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

ஆடிட் பெரும்பாலும் தேதி சொல்லிவிட்டு நடக்கிறது. அறிக்கை பணம் கொடுத்தவருக்குப் போகிறது, தொழிலாளிக்குப் போவதில்லை. எல்லாவற்றையும்விட, ஆடிட்டரால் மெஷினை நிறுத்தச் சொல்ல முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் அந்த நிமிடமே நிறைவேற்ற வேண்டிய உத்தரவைப் பிறப்பிக்கவோ, அதைப் பிறப்பிக்கச் செய்யவோ 13-ஆவது பிரிவு அரசு ஆய்வாளருக்கு வழி தருகிறது.

அந்த அதிகாரம் பயன்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தின் ராணா பிளாசா சாட்சி. 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வங்கதேசம் 81-ஆம் உடன்படிக்கையை 1972-லேயே ஏற்ற நாடு. கையெழுத்துக்குப் பின்னால் ஆட்களும் அதிகாரமும் இல்லை. விபத்துக்குப் பிறகுதான், 2014-இல், ஆய்வுத் துறையைத் தரம் உயர்த்திப் பணியிடங்களைக் கூட்டினார்கள்.

கேள்வி: மாமூல் வாங்காத இன்ஸ்பெக்டர் உண்டா? தொழில்நெறி என்று எழுதி வைத்தால் மாறிவிடுமா?
– வாசகர், சிவகாசி

எழுதி வைத்தால் மட்டும் மாறாது. ஆனால் எழுதியதை முறையாக்கலாம். சர்வதேசத் தொழிலாளர் ஆய்வுச் சங்கம் 2008-இல் ஆய்வாளர்களுக்கான உலக நேர்மை நெறிகளை ஏற்றுக்கொண்டது. அறிவும் திறமையும், நேர்மை, மரியாதை, நடுநிலை, பொறுப்புணர்வு, சொந்த வாழ்விலும் பணியிலும் ஒரே நடத்தை ஆகியவை அதன் ஆறு தூண்கள். இவற்றில் அறிவை முதலில் வைத்தது சரி என்றே நினைக்கிறோம். பாய்லரும் ரசாயனமும் தெரியாத ஆய்வாளர், தெரிந்த முதலாளி சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுத் திரும்புவார். லஞ்சம் வாங்கவே இல்லை என்றாலும் அந்த ஆய்வு வீண்தான்.

நடைமுறையில் பலன் தருபவை சில. இருவராகச் சேர்ந்து போவது, கண்டதை அங்கேயே எழுதி நகல் கொடுப்பது, ஒரே வட்டாரத்தில் ஒருவரை ஆண்டுக்கணக்கில் விடாமல் மாற்றுவது, எச்சரிக்கையோடு விட்டால் ஏன் விட்டோம் என்று கோப்பில் காரணம் எழுதுவது. இன்னொன்று பணிப் பாதுகாப்பு. ஆட்சி மாறினாலும் வேலை போகாது என்ற உறுதி வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு. பெரிய முதலாளி மீது வழக்குப் போட்ட மறுநாளே தூக்கியடிக்கப்படுகிறவரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: இப்போது கம்ப்யூட்டர்தான் எந்தக் கம்பெனிக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கிறதாமே?
– வாசகி, கோவை

இந்தியாவில் மத்திய அரசின் ஷ்ரம் சுவிதா இணையதளம் 2014-இல் வந்தது. யார் எங்கே போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போடும், அறிக்கையை 72 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். வேண்டியவரை விட்டு வேண்டாதவரைத் துரத்தும் பழக்கத்துக்கு இது கடிவாளம். ஆனால் "தேவையான அளவு அடிக்கடியும் முழுமையாகவும்" ஆய்வு நடக்க வேண்டும் என்பது 16-ஆவது பிரிவு. பட்டாசு ஆலையையும் ஸ்டேஷனரிக் கடையையும் ஒரே குலுக்கலில் போட முடியாது. குலுக்கலோடு ஆபத்தின் அளவும் சேர வேண்டும், புகார் வந்தால் உடனே போகும் சுதந்திரமும் ஆய்வாளருக்கு வேண்டும்.

கேள்வி: மகன் வெளிநாட்டுக் கொடி போட்ட சரக்குக் கப்பலில் இருக்கிறான். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. எந்த நாட்டு ஆய்வாளரிடம் சொல்வது?
– வாசகி, தூத்துக்குடி

கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, அந்த நாட்டு அதிகாரியிடமே சொல்லலாம். நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு நன்றாக வேலை செய்யும் இடம் கடல்தான். 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது, இந்தியா 2015-இல் ஏற்றது. ஏற்காத நாட்டின் கொடி பறந்தாலும், ஏற்ற நாட்டின் துறைமுகத்துக்குள் வந்தால் சலுகை கிடையாது. கடுமையான அல்லது திரும்பத் திரும்ப நடக்கும் மீறல் என்றால் சரிசெய்யும்வரை கப்பலைப் புறப்பட விடாமல் நிறுத்தலாம்.

மாலுமி கரையில் கொடுக்கும் புகாருக்கும் ரகசியம் உண்டு. அதிகாரி ஓய்வு நேரப் பதிவேட்டையும் பார்ப்பார். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு என்பது விதி. துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பலைக் கட்டிய நேரத்தில் எல்லாரும் தூங்கியதாக எழுதியிருந்தால் பொய் அங்கேயே பிடிபடும்.

குறைந்தது இரண்டு மாதம் ஒப்பந்தச் சம்பளம் நின்றிருந்தால், கப்பல் உரிமையாளர் மாலுமியைக் கைவிட்டதாகவே விதி கருதலாம். அந்த நிலைக்காக எடுத்து வைத்திருக்கும், காப்பீடு போன்ற நிதிக்காப்பு நான்கு மாதம் வரையிலான பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் ஏற்கும். அதன் சான்றிதழ் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மகனிடம் சொல்லி அந்தச் சான்றிதழையும், வேலை ஒப்பந்தத்தையும், மாதச் சம்பளக் கணக்கையும் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். கப்பலின் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணையும் அடுத்த துறைமுகத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால், கப்பல் கரை தொடுவதற்கு முன்பே புகார் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.