பிடிக்குள் இருக்கும் துருவைத் தொடாதீர்கள்

தாத்தா பர்மா போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய வாள், பிடியைக் கழற்றினால் உள்ளே கறுப்பாகத் துரு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்!

பிடிக்குள் மறைந்திருக்கும் அந்தப் பகுதிக்கு 'நகாகோ' என்று பெயர். அந்தக் கறுப்பையும் அதன் அடியில் தெரியும், அரத்தால் ராவிய கோடுகளையும் பார்த்துத்தான் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். சுரண்டினால் மதிப்பில் பெரும்பகுதி அன்றே போய்விடும். பெயர் வெட்டியிருந்தாலும் உடனே நம்பாதீர்கள்; புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரில் போலிக் கையெழுத்து அந்தக் காலத்திலேயே உண்டு.

இருட்டறையில் ஒற்றை பல்பின் கீழ் அலகை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முதுகில் தடிப்பாகவும் வெட்டுவாயில் மெலிதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவதால் வெட்டுவாய் மட்டும் கடினமாகும். அந்த எல்லை பனிமூட்டம் போலவோ, பொடி மினுக்கமாகவோ தெரியும். அமிலத்தால் வரைந்த போலிக்கோடு சப்பென்று சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

அலகிலேயே எண் குத்தியிருந்தால், பெரும்பாலும் 1935-க்குப் பின் ராணுவத்துக்காக ஆலையில் செய்தது. ஆனால் ராணுவ உறையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பரம்பரை வாளுக்கு அந்த உறையைப் போட்டுக்கொண்ட அதிகாரிகளும் இருந்தார்கள்.

இப்போதைக்கு வெறும் விரலால் அலகைத் தொடாமல், தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வையுங்கள். நகாகோவின் இரு பக்கப் படத்தையும் போடுங்கள், பார்க்கலாம்.