கழற்றிய பாகங்களை விற்கலாமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1968 ஃபியட் 1100 டிலைட் காருக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக், ஃப்ளோர் கியர் (தரையில் நிற்கும் கியர் லிவர்), அலாய் வீல் போடப்போகிறேன். கழற்றும் பாகங்களை மெக்கானிக் விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும் அந்த கியர் லிவரும் அதை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் கம்பிகளும்தான் அந்தக் காருக்கு அழகே. அப்பா கை பட்டு வழவழப்பான அதே லிவர் காசு கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. இரும்புச் சாமான்களுக்கு கிரீஸ் தடவி, துணியில் சுற்றி, எந்தப் பாகம் என்று எழுதிக் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தேய்ந்த பிரேக் லைனிங்கை மட்டும் தூக்கிப் போடலாம். அப்புறம், பழைய எஞ்சினில் கை வைக்கவே வேண்டாம். 2021 விதிப்படி, 50 வயது தாண்டிய காருக்கு விண்டேஜ் (பழங்கால வாகனம்) என்று பதிவு கேட்டால் எஞ்சின், சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி எதுவும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது.