நண்பர்களுக்குள் தபாலில் சுற்றும் சித்திரக் கொப்பியை எப்படித் தொடங்குவது? வழியில் தொலைந்துவிடாதா?

பாடசாலைத் தோழிகள் ஆறு பேர் சேர்ந்து கையால் ஒரு கொப்பி கட்டி, ஒருவர் வரைந்து அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவதாக யோசித்திருக்கிறீர்கள். என்ன கடதாசி, கொழும்பில் எங்கே வாங்குவது, தபாலில் தொலைந்தால் என்ன செய்வது என்று மூன்று கேள்விகள். மூன்றாவதை முதலில் எடுக்கிறேன். எல்லோரும் அதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

நாங்களும் ஆறு பேர்தான். வெள்ளவத்தையில் நான், கொட்டாஞ்சேனையில் ஒருத்தி, யாழ்ப்பாணத்தில் ஒருத்தி, ஹற்றனில் ஆசிரியை ஒருத்தி, மெல்பேர்னில் ஒருத்தி, மட்டக்களப்பில் எங்களைவிட இரண்டு வகுப்பு மூத்த அக்கா. 2021இல் தொடங்கினோம். இன்றுவரை தபாலில் ஒரு கொப்பியும் தொலைந்ததில்லை. மேசைகளில் தொலைந்தவை நான்கு.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஆளுக்கொரு கொப்பியாக ஆறு கொப்பிகளை ஒரே நேரத்தில் சுற்றவிட்டோம். எல்லோர் கையிலும் எப்போதும் ஒன்று இருக்கும், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது கணக்கு. நீர்வர்ணத்துக்கென்றே செய்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள வெளிநாட்டுக் கடதாசி வாங்கினோம். விலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கொட்டாஞ்சேனைக்காரி தன் கொப்பியின் முதல் பக்கத்தில் ஆடிவேல் தேரை வரைந்தாள். தேரின் மணிகளுக்குக்கூட நிழல் போட்டிருந்தாள். அதை வாங்கிப் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரி, "இதற்குப் பக்கத்தில் நான் என்னத்தை வரைவது?" என்று கொப்பியை அலுமாரியில் வைத்துவிட்டாள். பின்னால் வந்த கொப்பிகளும் அதற்கு மேலேயே அடுக்கப்பட்டன. நடுவில் ஒருவர் நின்றால் ஆறும் அவரிடமே தேங்கும் என்பதை எங்கள் கணக்கில் யாரும் சேர்த்திருக்கவில்லை. அவள் வீடு மாறியபோது நான்கு கொப்பிகள் எந்தப் பெட்டிக்குள் போயின என்று அவளுக்கே தெரியாது.

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. 2000இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் 1,000 வெற்றுக் கொப்பிகளை உலகம் முழுவதும் சுற்றவிட்டார். நிரம்பித் திரும்பி வந்தவை மிகச் சிலவே. அவற்றில் எத்தனை யார் யார் மேசையில் கிடக்கின்றனவோ. ஆகவே கடதாசி, அளவு, விதி எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானியுங்கள்: இது கொப்பியை மேசையிலிருந்து எழுப்புமா, அங்கேயே உட்காரவைக்குமா?

எங்களுக்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. 2022 பொருளாதார நெருக்கடி உங்களுக்கு நினைவிருக்கும். கடதாசி இல்லாமல் அந்த மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். சித்திரக் கடதாசிக்கு எங்கே போவது? நான் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம், கலியாண அழைப்பிதழ் மட்டைகள், அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு கொப்பி கட்டினேன். பார்க்க அவலட்சணம். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கத்தின் மூலையில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயரில் பாதி. அதைக் கெடுத்துவிடுவோமோ என்று ஒருவரும் பயப்படவில்லை, கெடுப்பதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை. ஐந்து மாதத்தில் முழுச் சுற்றும் முடிந்து என்னிடம் திரும்பி வந்தது. அலுமாரிப் புகழ் யாழ்ப்பாணத்துக்காரிதான் அதில் அதிகமாக வரைந்தவள்.

இப்போது கடதாசி தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் நாங்கள் பாதிக்குப் பாதி பழைய தாளையே சேர்க்கிறோம். செய்தித்தாளை மட்டும் அடித்தாளாக வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி, சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும்.

வாங்குவதென்றால் புறக்கோட்டை மலிபன் வீதிக்குப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து 100 அல்லது 101ஆம் இலக்க பஸ் போதும். ஞாயிறும் போயாவும் வேண்டாம். ஏ4 அளவில் வெட்டிய தாளை வாங்காமல் பெரிய தாளாக வாங்கி நீங்களே வெட்டுங்கள். காரணம் இருக்கிறது. மரத்தைப் போலக் கடதாசிக்கும் நார் ஓடும் திசை உண்டு. தாளை இரண்டு பக்கமும் இலேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதுதான் நாரின் திசை. ஏ4 தாள்களில் அது பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும். மடித்து ஏ5 ஆக்கினால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும், தடித்த தாள் மடிப்பில் வெடிக்கும். பெரிய தாளில் மடிப்பும் நாரும் ஒரே திசையில் வரும்படி வெட்டிக்கொள்ளலாம்.

எட்டுத் தாளை மடித்தால் 32 பக்கம். ஆளுக்கு நான்கு பக்கம் கொடுத்தாலும் எட்டுப் பக்கம் மிஞ்சும். அதற்கு மேல் போகாதீர்கள். நான்கு நான்கு தாளாக இரண்டு கற்றை, மடிப்பில் ஐந்து துளை, மெழுகுதிரியில் உரசிய தடித்த நூல். மட்டைக்கு அம்மாவின் பழைய சீலைக் கரை. தையலில் எனக்கு வாய்த்த திறமை பாடசாலையில் கைப்பணிப் பாடத்தோடு முடிந்துபோன ஒன்று, எனக்கே வந்தது என்றால் உங்களுக்கும் வரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பிரிஸ்டல் போட்டில் (தடித்த மட்டைத் தாள்) இரண்டு அங்குல அகலத்துக்குப் பட்டி வெட்டி, நடுவே மடித்து, சேர்த்தே தைத்துவிடுங்கள். துணி, பொத்தான், பஸ் டிக்கெட் என்று ஒட்டத் தொடங்கினால் கொப்பி வாய் பிளந்த முதலை மாதிரி ஆகிவிடும், எந்த உறைக்குள்ளும் நுழையாது. இந்தப் பட்டிகள் முதுகில் முன்கூட்டியே இடம் பிடித்துவைக்கும். இவற்றால் இன்னொரு பலனும் உண்டு, கீழே சொல்கிறேன்.

சரி, பக்கத்தை எப்படி நிரப்புவது? இதற்கு எங்கள் விதி: உங்கள் படத்தின் இரண்டு மூன்று கோடுகளாவது விளிம்பைத் தாண்டி அடுத்தவரின் பக்கத்துக்குள் ஓட வேண்டும். 1925 அளவில் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள் விளையாடிய விளையாட்டின் சாயல் இது. ஒருவர் தலையை வரைந்து தாளை மடித்துவிடுவார், கழுத்துக் கோட்டின் நுனி மட்டும் வெளியே தெரியும், அடுத்தவர் அதிலிருந்து உடம்பை வரைவார். எங்களிடம் மடிப்பு இல்லை, நுனிகள் மட்டும் உண்டு. ஹற்றன்காரி தேயிலை மலையின் வளைவு ஒன்றைப் பாதியில் விட்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில் அது துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கையாக மாறியது. அதே கையில் நான் எங்கள் மாடிவீட்டுக் கொடிக்கயிற்றைக் கட்டிவிட்டேன். வெற்றுத் தாள் ஆளை உறையவைக்கும், பாதிக் கோடு கையை அரிக்கவைக்கும்.

இன்னும் சில விதிகள். ஒருவரிடம் 14 நாள். முடியாவிட்டால் ஒன்றும் வரையாமலே அனுப்பலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. ஆறு பேரில் இருவர் இந்தச் சலுகையைப் பயன்படுத்தியிருக்கிறோம், ஒருத்திக்குக் குழந்தை பிறந்த மாதம், எனக்கு அப்பா போன மாதம். அனுப்புமுன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. கொப்பி வரும் முன்பே படம் வந்துவிட்டால் உறையைக் கிழிப்பதில் என்ன இருக்கிறது? பிறகு, சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கண்ணீரோடு நிரப்பினோமே ஆட்டோகிராப் கொப்பி, அந்தப் பாணி வாசகங்களுக்குத் தடை. இது மட்டக்களப்பு அக்கா போட்ட சட்டம், அவரே அதிகம் மீறுகிறவர்.

பசை விஷயத்தில் கொழும்பு வெக்கையை மனதில் வையுங்கள். கோதுமை மாப்பசை மலிவு, நன்றாகவும் ஒட்டும், ஆனால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அதை விருந்தாகவே எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக் கட்டுநர்கள் இதற்காகப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, வீட்டில் வேண்டாம். வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, மேலே அகராதி ஒன்றை ஓர் இரவு வைத்தால் போதும். ஒட்டுநாடாவின் பசை சில வருடத்தில் பழுப்பாகிக் கசியும், அதைத் தொடவே தொடாதீர்கள். அக்ரிலிக் வர்ணம் காய்ந்துவிட்டதுபோலத் தெரியும், ஆனால் ஈரக்காற்றில் இரண்டு பக்கம் முகத்தோடு முகம் அழுந்தினால் ஒட்டிக்கொள்ளும். இடையில் கேக் வேகவைக்கும் எண்ணெய்த்தாளை வையுங்கள்.

ஈரம் என்றதும் டிசெம்பர் கதை. 2022 கடைசியில் கொப்பியை மட்டக்களப்புக்கு அனுப்பும்போது பழுப்புக் கடதாசியில் மட்டும் சுற்றினேன். கொழும்பில் அன்று நல்ல வெயில். கிழக்கில் வாடைக்காற்று மழை கொட்டும் மாதம் என்பது பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. முழுத் தவறும் என்னுடையது. கொப்பி ஒரு பக்கம் ஊறிப்போய்ச் சேர்ந்தது. ஃபெல்ட் முனைப் பேனையால் எழுதியதெல்லாம் கரைந்து நீலக் குளம். பென்சிலும் பந்துமுனைப் பேனையும் கரி மையும் அசையவில்லை. அக்கா பதறவில்லை. நனைந்த புத்தகத்தை உடனே உறையவைத்தால் பூஞ்சணம் பிடிப்பதை நிறுத்திவைக்கலாம், நூலகங்களில் வெள்ளத்தில் அகப்பட்ட நூல்களுக்கும் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ படித்திருந்தாராம். குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டித் தட்டில், வாவி இறால்களுக்கு நடுவில், பொலித்தீன் பையில் கட்டி ஒரு கிழமை வைத்தார். மழை விட்ட பிறகு எடுத்து, மின்விசிறிக்குக் கீழே பக்கம் பக்கமாக உலர்த்தினார். கொப்பி பிழைத்தது. அடுத்து அது போனது ஹற்றன்காரிக்கு. அவள் சுத்த சைவம். பொதியைப் பிரித்ததும் அவள் எடுத்த தொலைபேசி அழைப்பை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து முதலில் பொலித்தீன், பிறகு மட்டை, கடைசியில்தான் பழுப்புக் கடதாசி. எப்போதும் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அடுத்தவருக்கு அனுப்பிவிடுவோம். முகவரியில் தபால் குறியீட்டையும் எழுதுங்கள், வெள்ளவத்தைக்கு 00600, கொட்டாஞ்சேனைக்கு 01300. எனக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் கொழும்பு நகரத்தின் நீளம்தான், ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுக்க மாட்டோம். முத்திரை குத்தாமல் வந்தால் கடைசி எட்டுப் பக்கத்தில் எதை ஒட்டுவது? வந்த உறைகளின் முத்திரையையும் தபால் இலச்சினையையும் அங்கேதான் வெட்டி ஒட்டுகிறோம். எந்தத் திகதியில் யாரிடமிருந்து கிளம்பியது என்று அதுவே சாட்சி சொல்லும், மேசைக் குற்றவாளிகள் தப்ப முடியாது.

வெளிநாட்டில் யாராவது இருந்தால் கொப்பியை அங்கே அனுப்பாதீர்கள். செலவு ஒருபுறம், சுங்கப் படிவம் ஒருபுறம். அவுஸ்திரேலியா உலர்ந்த இலை, விதை போன்றவற்றை எல்லையிலேயே பிடித்துவைக்கும். யாழ்ப்பாணத்துக்காரி ஒட்ட ஆசைப்பட்ட பனையோலைப் பின்னல் அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. (ஓலையைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் உரசினால் பின்னல் அப்படியே பதியும், தடிப்பும் இல்லை.) மெல்பேர்ன்காரி அதே அளவுத் தனித்தாளில் வரைந்து கடிதமாக அனுப்புகிறாள். பட்டிகளால் இன்னொரு பலன் என்றேனே, அது இதுதான். அவள் தாளை ஒரு பட்டியின் விளிம்பில் ஒட்டினால் கூடவே பிறந்த பக்கம் மாதிரி உட்கார்ந்துவிடும். கோடு தாண்டும் விதி மட்டும் அவளுக்குச் சிக்கல். முந்தைய பக்கத்தின் விளிம்பை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் படம் எடுத்து அனுப்புகிறோம். வாட்ஸ்அப் தடைக்கு இது ஒன்றே விதிவிலக்கு.

தாமதிப்பவர்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். தொலைபேசியில் நச்சரிக்காதீர்கள், பகைதான் மிஞ்சும். 14 நாள் கடந்தால் மற்ற ஐவரும் ஆளுக்கொரு தபாலட்டை போடுகிறோம். அதில் ஒரு வார்த்தையும் இருக்காது, சின்னப் படம் மட்டும். இப்போதைய கொப்பி என்னிடம் வந்து 23 நாளாகிறது. நேற்று நான்கு அட்டைகள் ஒன்றாக வந்தன. ஹற்றனிலிருந்து வந்ததில் பனிக்கட்டிக்குள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது ஓர் இறால்.