முதல் முறை மீன் பிடிக்கும் பிள்ளைகளுக்கு பென்னட் ஸ்பிரிங் சரிப்படுமா?

செயின்ட் லூயிஸுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, பிள்ளைகளுக்கு 6, 9 வயது, வீட்டில் யாருமே தூண்டில் தொட்டதில்லை, மிசோரியின் மாநிலப் பூங்காவான பென்னட் ஸ்பிரிங் போனால் அவர்களுக்கு மீன் மாட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். என் மகள் முதல் டிரவுட் (குளிர்ந்த நீரில் வாழும் மீன்) பிடித்தது அங்கேதான், அப்போது அவளுக்கு ஏழு வயது. பிள்ளைகளை முதன்முதலாக மீன் பிடிக்கக் கூட்டிப்போக மிசோரியில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முக்கியக் காரணம், தண்ணீருக்குள் மீன் கண்ணுக்குத் தெரியும். ஏரிக்கரையில் தக்கையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை பத்து நிமிஷத்தில் எழுந்துவிடும். இங்கே மீன் வருகிறது, இரையை மோந்து பார்க்கிறது, திரும்பிப் போகிறது. அதைப் பார்க்கிற பிள்ளை அசையாமல் நிற்கும்.

அந்தத் தெளிவு ஊற்றால் வருவது. தினம் சுமார் 10 கோடி கேலன், அதாவது 38 கோடி லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து மேலே வந்து, ஒன்றரை மைல் ஓடி நயாங்குவா ஆற்றில் சேர்கிறது. கோடையிலும் தண்ணீர் 14 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், அதனால்தான் மிசோரியில் டிரவுட் பிடிப்பதற்கென்று உள்ள பூங்காக்கள் எல்லாமே பெரிய ஊற்றுகளை ஒட்டி இருக்கின்றன. இங்கே விடுகிற ரெயின்போ டிரவுட் இந்த மாநிலத்து மீன் அல்ல. பசிபிக் கடற்கரைப் பக்கத்து மீன், 1880களில் இங்கே கொண்டுவரப்பட்டது. நம் நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததும் இந்த இனம்தான், அவலாஞ்சியில் அதற்கொரு பண்ணையே வைத்தார்கள்.

மீன் கிடைக்குமா என்பதற்கு வருகிறேன். பூங்காவுக்குள்ளேயே மீன் பண்ணை இருக்கிறது. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை, தினமும் தூண்டில் நேரம் முடிந்த பிறகு புது மீன்களை ஓடையில் விடுகிறார்கள். மறுநாள் வரக்கூடிய ஆட்களை எண்ணி, ஆளுக்கு 2.25 மீன் என்று கணக்குப் போட்டு விடுவார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அடி நீளம். தினச் சீட்டு வாங்காமல் யாரும் தூண்டில் போட முடியாது. 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை, ஆனால் தினச் சீட்டு வேண்டும், விலை குறைவு. நீங்கள் சும்மா ஒரு தடவை வீசிக் காட்டினாலும் அதுவும் மீன் பிடித்தலாகத்தான் சேரும், ஆகவே உங்களுக்கும் உரிமமும் சீட்டும் எடுத்துவிடுங்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு டிரவுட். நான்கு கையில் சேர்ந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் தவறுவது ஒரே இடத்தில், நாங்களும் தவறினோம். ஓடையை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஊற்றை ஒட்டிய மேல் பகுதியில் இறகுப் பூச்சித் தூண்டில் (முள்ளில் இறகு கட்டிப் பூச்சிபோலச் செய்தது) மட்டும்தான். நடுப்பகுதியில் செயற்கை இரைகளும் போடலாம். மாவு இரை, மண்புழுவெல்லாம் கீழே, நயாங்குவா பக்கம்தான். முதல் நாள் நாங்கள் மாவு டப்பாவோடு மேல் பகுதியில் போய் நின்றுவிட்டோம். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொல்லி, கீழே போகும் வழியையும் காட்டினார். உங்கள் பிள்ளைகளை நேராகக் கீழ்ப் பகுதிக்கே கூட்டிப்போங்கள்.

தூண்டிலில் பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம். ஐந்தடிக் கோல், சின்ன ரீல், 4 பவுண்டு எடைக்கு மேல் தாங்காத மெல்லிய நரம்பு, சின்ன முள், அதற்கு ஓர் அடி மேலே பட்டாணி அளவு ஈயக் குண்டு. நரம்பு தடிமனாக இருந்தால் அந்தத் தண்ணீரில் மீனுக்குத் தெரிந்துவிடும். மாவை முள் மறைகிற அளவுக்கு மட்டும் உருட்டினால் போதும். நம் ஊர்க் குளத்தில் கோதுமை மாவு உருட்டிப் போட்டுக் கெண்டை பிடித்தவர்களுக்கு இது கைப்பழக்கம்தான்.

அன்று என் மகளின் இரைக்கு மூன்று மீன்கள் வந்து திரும்பின. நான்காவது வாயில் எடுத்து உடனே துப்பியது. "அப்பா, அதுக்குப் பிடிக்கல" என்று கிசுகிசுத்தாள், சத்தம் கேட்டால் மீன் ஓடிவிடும் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். பிறகு கோலின் நுனி இரண்டு தடவை துடித்துக் குனிந்தது. மீன் தண்ணீரை விட்டு எகிறியபோது பக்கவாட்டில் அந்த இளஞ்சிவப்புக் கோடு வெயிலில் தெரிந்தது. ரீலைச் சுற்றவே மறந்துவிட்டு, கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரைமேல் ஓடினாள். மீனும் அவள் பின்னாலேயே கரையேறியது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாவு இரையை டிரவுட் தொண்டைக்குள் விழுங்கிவிடும். பிடுங்கி எடுத்துத் தண்ணீரில் விட்டால் நீந்திப் போவதுபோல் தெரியும், பல மீன்கள் அப்புறம் செத்துவிடும். ஆகவே மாவில் பிடித்தால் அதைக் கணக்கில் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பிடித்து விடுகிற விளையாட்டுத்தான் வேண்டுமென்றால் இறகுத் தூண்டிலோடு போங்கள், கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துபோகும்.

காலையில் சங்கு ஊதிய பிறகுதான் தூண்டில் போடலாம். மாதத்துக்கு மாதம் நேரம் மாறும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் தோளோடு தோள் நின்று வீசுவார்கள், நரம்புகள் சிக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. சீசன் தொடங்கும் மார்ச் 1 அன்று போகவே போகாதீர்கள். வார நாளாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு மேல் போங்கள். எல்லோருக்கும் தொப்பியும் கண்ணாடியும் அவசியம், பின்னால் வீசுகிற முள் யார் முகத்தில் படும் என்று சொல்ல முடியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு மிதவைச் சட்டை போட்டுவிடுங்கள், கல் வழுக்கும். அடியில் ஃபெல்ட் (தடித்த கம்பளம் போன்ற துணி) ஒட்டிய காலணிகளுக்கு அங்கே தடை.

ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். டிரவுட்டின் செதில் மிகப் பொடியானது, உரசத் தேவையில்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய இரத்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்துக் கழுவினால் போதும். வஞ்சிரத்துக்குத் தடவுகிற அளவு மசாலா வேண்டாம், சதை மென்மையானது. உப்பு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவித் தோசைக்கல்லில் போட்டு, ஒரே ஒரு தடவை திருப்புங்கள்.