கொள்ளு கொழுப்பைக் கரைக்குமா என்று கேட்டவருக்கு

"தினமும் ஒரு கப் சுண்டல் சாப்பிட்டால் எடை குறையுமா, கொள்ளு நிஜமாகவே கொழுப்பைக் கரைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கேட்கிறவர் ஏற்கெனவே இரண்டு கிலோ கொள்ளை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கேட்பார். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் டாக்டரோ டயட்டீஷியனோ இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் எடை 79 கிலோ. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, சாயந்திரம் நாலரைக்கு டீயோடு இரண்டு பஜ்ஜி அல்லது ஒரு முட்டை பப்ஸ். ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா முறை ஆகிற ஒருவர் பந்தியிலேயே வைத்து "என்ன கண்ணு, இப்படி ஊதிட்டே" என்றார். அன்று ராத்திரியே 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' ஞாபகம் வந்து, இணையத்தில் விளம்பரம் பார்த்து, கால் கிலோ கொள்ளுப் பொடியை 450 ரூபாய்க்கு வாங்கினேன். சந்தையில் அந்தக் காசுக்கு மூன்று கிலோ கொள்ளே கிடைத்திருக்கும். அதைச் சொன்னால் எனக்கே கோபம் வரும், விடுங்கள்.

காலையில் கொள்ளுக் கஞ்சி, சாயந்திரம் தேங்காய் தூவிய சுண்டல், ராத்திரி கொள்ளு ரசம். மூன்று மாதம் ஒரு நாள் விடவில்லை. மூன்றாவது மாதக் கடைசியில் எடை போட்டால் 80.6. மெஷின் கெட்டுப்போச்சு என்று பக்கத்து மருந்துக் கடையில் போய் ஏறி நின்றேன், அங்கேயும் அதுதான்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஒன்றரைக் கிலோவில் என் ஜாக்கெட் ஒன்றுகூடக் கையில் ஏறவில்லை. அம்மா காலத்தில் ஜாக்கெட் தைத்தால் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருப்பார்கள், பிரித்துவிட்டால் பத்து வருடம் ஓடும். இப்போது தையல் கூலி மட்டும் நானூறு, ஐநூறு வாங்கிக்கொண்டு, 'உள்ளே துணி விடுங்கண்ணா' என்று மூன்று தடவை சொன்னாலும் ஒட்ட வெட்டி ஓவர்லாக் போட்டுவிடுகிறார்கள். கேட்டால் லைனிங்கில் அப்படித்தான் வருமாம். பனியன் கம்பெனியில் இருக்கிறவளிடம் போய் இதைச் சொல்கிறார்கள்! ஒன்பது ஜாக்கெட் அப்படியே மடித்துக் கிடந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என்ன தப்பு என்று கண்டுபிடித்தது என் மாமியார்தான். கொங்குநாட்டு வீடு, அத்தைக்குக் கொள்ளு ஒன்றும் புதிது இல்லை. நான் கஞ்சி குடிப்பதை முதல் நாளே பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, கொள்ளு தின்னா எளைச்சுருமாக்கும்? குதிரை காலத்துக்கும் கொள்ளுத்தான் திங்குது, அதென்ன எளைச்சா கெடக்குது?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து அவரே, "சுண்டலையும் தின்னுபோட்டு இட்லியையும் அஞ்சு வெச்சுக்கறே. ரெண்டுல ஒண்ணைக் கொறை சாமி" என்றார்.

அவ்வளவுதான். உலர்ந்த பயறு எதுவானாலும் 100 கிராமுக்குக் கலோரி ஏறக்குறைய அரிசி அளவுதான். தாளிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் அதுவே 120 கலோரி, தேங்காய் தனி. இதையெல்லாம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஏற்றினால் எடை கூடாமல் என்ன செய்யும்? கொழுப்பைக் கரைக்கிற வேலையெல்லாம் கொள்ளுக்குக் கிடையாது. அது செய்வது வேறு: புரதமும் நார்ச்சத்தும் அதிகம் என்பதால் மெதுவாகச் செரித்து, அடுத்த பசியைத் தள்ளிப்போடும்.

அப்புறம் மாற்றினேன். நாலரை மணி பஜ்ஜிக்குப் பதிலாக டப்பாவில் ஒரு கப் சுண்டல், தேங்காய் இல்லாமல், கடுகு தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய். ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, சீசனில் மொச்சை. மதியம் சோற்றைப் பாதியாக்கிவிட்டு, கொள்ளுப் பருப்பைக் கூட்டி வைத்துக்கொள்வேன், பூண்டும் சீரகமும் வரமிளகாயும் போட்டு அத்தை கடைந்தது. ராத்திரி எட்டரைக்கு நாலு தோசை கேட்கிற வயிறு இரண்டோடு நின்றது. அந்த நின்றதுதான் எடையைக் குறைத்தது என்பது என் கணிப்பு. பத்து மாதத்தில் 73. இப்போது 74, அங்கேயே நிற்கிறது. நடுவில் நான் நடக்கவும் ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் மறைத்தாய் என்று வரக்கூடாது.

ஆராய்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு: 2016-இல் கனடா ஆய்வாளர்கள் 21 சோதனைகளை, 940 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தினமும் சுமார் 130 கிராம் வெந்த பயறு, ஆறு வாரம். சராசரியாகக் குறைந்தது 340 கிராம். இதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டியபோது "இதுக்கு முடி வெட்டிட்டு வந்தாப் போதுமே" என்று சிரித்தார். சிரிக்கட்டும். பலர் பாதியிலேயே விட்டுவிடுகிற காரியம் இது, அதனால் நான் அந்த 340 கிராமை மதிக்கிறேன்.

விட்டுவிடுவதற்குக் காரணம் வாயு. யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயந்தேன். பயறில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரை நம் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் கிருமிகள் அதை நொதிக்க வைப்பதால் வருவது அது. ராத்திரி முழுக்க ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வேகவைத்த தண்ணீரை வேண்டுமானால் ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கால் கப்புக்கு மேல் வேண்டாம். பெருங்காயம் என் வீட்டில் கை கொடுத்தது.

இன்னொன்று, ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் தொடாதீர்கள். ஹாஸ்டலில் இருக்கும் என் அக்கா மகள் ஒரு வீடியோவைப் பார்த்து, ஊறவைத்த ராஜ்மாவை வேகவைக்காமல் சாலட்டில் போட்டுச் சாப்பிட்டு, மூன்று மணி நேரத்தில் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாள். அதில் இருக்கும் நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், இல்லையென்றால் குக்கரில் குழைய வேகவிடுங்கள். கிட்னிப் பிரச்சினை இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பயறையும் கூட்ட வேண்டாம்.

பயறே கூடாது என்று பேலியோக்காரர்கள் (கறி, முட்டை, காய்கறி போதும், அரிசியும் பயறும் வேண்டாம் என்கிற டயட்) வருவார்கள், தெரியும். பேலியோ இருந்து 12 கிலோ குறைத்த ஓரகத்தி எனக்கும் இருக்கிறாள், அவள் குறைத்தது நிஜம், நான் இல்லை என்று சொல்லவில்லை. போன பட்டிப் பொங்கலுக்கு வந்தபோது "வாசத்துக்குக் கொஞ்சமா வைங்கக்கா" என்று கொள்ளுப் பருப்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அவள்தான்.