சுண்டல் கடலையில் தட்டிய வடை பிரிந்துபோவது ஏன்?

கேள்வி: நவராத்திரிச் சுண்டலில் மீந்த கொண்டைக்கடலையை அரைத்து வடை தட்டினேன். எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிட்டது. கடலைமாவு சேர்த்தால் கல்லாகிறது. பிள்ளைகளுக்குப் புரதம் சேரட்டும் என்றுதான் செய்கிறேன். பக்குவம் என்ன?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: வெந்த கடலையை எடுத்ததுதான் காரணம். வேகும்போதே அதன் மாவுச்சத்து நீரை இழுத்துப் பசையாகிவிடுகிறது. எண்ணெயில் விழுந்ததும் அந்த நீர் ஆவியாகி வடையைப் பிரிக்கிறது. ஊறிய பச்சைக் கடலையில் மாவுச்சத்து எண்ணெய்ச் சூட்டில்தான் வேகும், வேகும்போதே துணுக்குகளை ஒட்டவைக்கும். மசால்வடைக்குக் கடலைப்பருப்பை நாம் வேகவைப்பதில்லையே, அதே கணக்கு.

200 கிராம் கடலையை 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். நன்றாக வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் நம் பக்கம் எதுவும் லேசில் காயாது, மின்விசிறிக்கு அடியில் அரைமணி விடுங்கள். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

தண்ணீர் விடாமல், மிக்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். விரலில் ரவைபோல நெருட வேண்டும், பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். சின்ன வெங்காயம் 10, பச்சைமிளகாய் 3, இஞ்சி, சோம்பு, கறிவேப்பிலை, ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவு போதும். உப்பைத் தட்டும் நேரத்தில் போடுங்கள். முன்பே போட்டால் வெங்காயம் நீர்விட்டு மாவு தளரும்.

வாழையிலையில் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் தட்டுங்கள். கிள்ளிப் போட்ட மாவு அடியில் தங்காமல் மேலே வந்தால் எண்ணெய் பதம். மிதமான தீயில் 4–5 நிமிடம். எண்ணெய் புகைந்தால் மேல் கருகி நடு பச்சையாக நிற்கும், வேகாத கடலை பிள்ளைகள் வயிற்றுக்கு ஆகாது. முதல் வடையைப் பிட்டுப் பாருங்கள்.

100 கிராம் கடலையில் சுமார் 19 கிராம் புரதம் உண்டு. நாம் எடுத்த 200 கிராமுக்கு 16 வடை வரும். மூன்று வடையில் ஏறக்குறைய 7 கிராம், ஒரு முட்டைக்குக் குறைவில்லை. சோற்றோடு சாப்பிட்டால் இன்னும் நல்லது: புரதத்தின் ஒரு கூறான லைசின் அரிசியில் குறைவு, அதைக் கடலை ஈடுகட்டும். தினமும் வேண்டுமென்றால் குழிப்பணியாரக் கல்லில் சொட்டு எண்ணெய் விட்டு, மூடி வேகவிடுங்கள்.

மீந்த சுண்டலை வாழைப்பூக் கூட்டில் சேருங்கள். வடைதான் வேண்டுமென்றால், ஊறவைத்து அரைத்த கடலைப்பருப்பு மூன்று பங்குக்கு ஒரு பங்கு மட்டும். தேங்காய் போட்ட சுண்டலென்றால் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.